ஆறு மாட்டுக்கு மட்டும் பொடி

1

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நான் நலம் என்று எழுதினால் நீ நம்பப் போவதில்லை, நலமில்லை என்று எழுதினால் சந்தோஷப்படுவாய். ஆகவே அதை விட்டுவிடுகிறேன். நீயும் உன் தங்கையும் அவளுடைய தையல் கடையும் நன்றாக இருக்க வேண்டும்.

நான்கு நாள் விடாமல் போன் செய்தேன். ஐந்தாம் நாள் உன் தங்கை எடுத்தாள். "அக்கா பேச மாட்டாளாம். போன்ல நீங்க கத்துவீங்களாம். எழுதிப் போடச் சொல்றா. எழுதினா கை வலிக்கும், அளவாப் பேசுவீங்களாம்" என்றாள். பின்னால் தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. மிதித்தது நீதான் என்று நினைக்கிறேன், நான் பேச ஆரம்பித்ததும் அது வேகம் பிடித்தது. சரி, எழுதுகிறேன். கை வலிக்கத்தான் செய்கிறது.

நீ அடுப்பு மேடையில் வைத்துவிட்டுப் போன சீட்டைப் பதினைந்து தடவையாவது படித்திருப்பேன். 'பொடியை ஆறு வாரம் பன்னிரண்டு மாட்டுக்கும் போடுங்க. சின்னவளுக்கு முதல்ல. ஆறு வாரம் கழிச்சு என்ன ஆச்சுன்னு உள்ளதை உள்ளபடி எழுதுங்க. வர்றதா வேண்டாமான்னு அப்புறம் நான் முடிவு பண்ணிக்கறேன்.' இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தை ஒரு மூட்டை மாட்டுத் தீவனப் பொடியில் கொண்டுவந்து நிறுத்திவிட்டாயே என்று கோபம் வந்தது. இன்னும் முழுசாகப் போகவில்லை.

நடந்ததை உன் தங்கையிடம் உன் பக்கமாகச் சொல்லியிருப்பாய். இந்தக் கடிதத்தையும் அவள் படிப்பாள் என்று தெரியும். அதனால் என் பக்கத்தையும் எழுதிவிடுகிறேன். அந்தப் புல் நான் விதைத்த புல். பதினோரு வருஷத்துக்கு முன்னால் விதைத்தது. மழை வந்தாலும் வராவிட்டாலும் பச்சை, பூச்சி தொடாது, மிதித்தாலும் சாகாது. நாலு ஊர்க்காரர்கள் வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். 'பச்சைக்காரர்' என்று எனக்குப் பட்டப்பெயரே வந்தது. அப்பேர்ப்பட்ட புல்லைப் பார்த்து, படித்து முடித்து ஆறு மாசம்கூட ஆகாத ஒரு மாட்டு டாக்டர் பொண்ணு "இதுல விஷம் இருக்கு" என்கிறாள். புல்லுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை குடியிருக்கிறதாம். பூச்சி தொடாததற்கும் புல் சாகாததற்கும் அதுதான் காரணமாம். அந்தப் பூஞ்சையால்தான் மாட்டுக்கு உடம்புச் சூடு வெளியே போகாமல் நாள் முழுக்கக் குட்டையில் போய் நிற்கிறதாம், கோடை வந்தும் குளிர்கால முடி கொட்டவில்லையாம், பால் வற்றுகிறதாம், கால் தாங்குகிறதாம். என் மாடுகளுக்குக் குளிப்பதில் ஆசை என்று நான் சொன்னேன். இதில் என்ன தப்பு?

"நீங்க படிச்சது புத்தகத்துல, நான் படிச்சது புல்லுல" என்று அவளிடம் சொன்னதும் தப்பில்லை. அதற்கு மேல் ஒன்று சொன்னேன். நீ குறுக்கே வந்து "மூணு வருஷமா நானும் இதைத்தானே சொல்றேன்" என்றதும், "உனக்கு என்ன தெரியும்" என்றேன். பால்காரர், பக்கத்து நிலத்துக்காரர், டாக்டர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். சத்தம் கொஞ்சம் கூடிப்போய்விட்டது. அதை ஒத்துக்கொள்கிறேன். சத்தத்தை மட்டும்.

இப்போது நீ வாங்கி வைத்துவிட்டுப் போன பொடி விஷயம். தாது உப்பு, கடற்பாசி, இன்னும் என்னென்னவோ சேர்ந்தது, தவிட்டில் கலந்து வைத்தால் புல்லின் கெடுதி மட்டுப்படும் என்று தீவனக் கடைக்காரர் சத்தியம் செய்கிறார். விற்கிறவர் வேறு என்ன சொல்வார்? ஆகவே நான் முறையாகச் சோதனை செய்யப் போகிறேன். பன்னிரண்டில் ஆறு மாட்டுக்கு மட்டும் பொடி. மற்ற ஆறுக்கு வெறும் புல். ஆறு வாரம் கழித்து இரண்டு கூட்டத்துக்கும் ஒரு வித்தியாசமும் இருக்காது. அதை உள்ளபடி எழுதுவேன், நீ வந்துவிட வேண்டும்.

எல்லா மாடும் ஒரே கறுப்பு. நீ நடையைப் பார்த்தே யார் என்று சொல்லிவிடுவாய், எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. காதில் நம்பர் வில்லை மாட்டலாம் என்றால் புண்ணாகும் என்று நீ விட்டதில்லை. அதனால் கேட்டுக்கு அடித்தது போக மீந்திருந்த சிவப்புப் பெயிண்டை எடுத்து, பொடி தின்னும் ஆறுக்கும் வாலுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குப் பூசிவிட்டேன். நீ இருந்தால் விட்டிருக்க மாட்டாய். நீ இல்லை.

சின்னவளைப் பொடி இல்லாத கூட்டத்தில் சேர்த்திருக்கிறேன். உன் செல்லம், அதிலும் நிறைசினை என்று சலுகை காட்டினால் அப்புறம் அது சோதனை ஆகாது.

வாஷிங் மெஷினில் சோப்புத் தூளை எந்தக் குழியில் போடுவது என்று எழுது. மூன்று குழி இருக்கிறது. மூன்றிலும் போட்டுப் பார்த்தேன், தரையெல்லாம் நுரை.

உடம்பைப் பார்த்துக்கொள். மிஷினை அவ்வளவு வேகமாக மிதிக்காதே, முழங்கால் பிடித்துக்கொள்ளும்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்

2

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

இங்கு எல்லாரும் சுகம். அங்கும் அப்படியே இருக்கட்டும். சோப்புத் தூள் பற்றி உன் தங்கை எழுதிய சீட்டு கிடைத்தது. நடுக் குழி என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை என்பதை இரண்டு இடத்தில் அடிக்கோடு போட்டுக் காட்டியிருக்கிறாள். நன்றி சொல்லிவிடு.

ஆறு வாரம் முடிந்துவிட்டது. முடிவும் வந்துவிட்டது. உட்கார்ந்து படி.

அதற்கு முன்னால் பக்கத்து நிலத்துக்காரர் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். நம் வேலிக் கம்பம் ஒவ்வொன்றிலும் இடுப்பு உயரத்துக்குச் சிவப்பாக எதையோ அப்பி வைத்திருக்கிறார். குட்டைக்கரையில் பட்டுப்போன மரம் இருக்கிறதே, அதன் அடியிலும் அப்படித்தான். எல்லைத் தகராறு கிளப்பத்தான் அடையாளம் போடுகிறார் என்று புரிந்து போய், நேரே போய்க் கேட்டுவிட்டேன். மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்து, "எனக்கு வேற வேலை இல்லையா, உங்க கம்பத்துக்குப் பவுடர் பூசி விடறதுதான் வேலையா? வீட்டம்மாவைச் சீக்கிரம் கூட்டிட்டு வாங்க" என்கிறார். கம்பத்துக்கும் நீ வருவதற்கும் என்ன சம்பந்தம்? அன்றிலிருந்து பேச்சில்லை.

முடிவுக்கு வருகிறேன். நேற்று முன்தினம் பகல் முழுக்க வயலில் நின்று ஒவ்வொரு மாடாகப் பார்த்து நோட்டில் குறித்தேன். ஆறு மாடு பளபளவென்று இருக்கின்றன. பழைய முடி சுத்தமாகக் கொட்டி, உச்சி வெயிலிலும் குட்டைப் பக்கம் திரும்பாமல் மேய்கின்றன. அந்த ஆறில் ஒன்றின் முதுகிலும் சிவப்பு இல்லை. அதாவது, பொடி தின்னாதவை. சிவப்பு முதுகோடு இரண்டு மாடு நிற்கின்றன. எங்கே நிற்கின்றன தெரியுமா? குட்டையில், கழுத்தளவுத் தண்ணீரில். முடி சடை பிடித்து, ஒன்று பின்னங்காலை ஊன்றாமல், பார்க்கவே பாவமாக இருக்கிறது. அதாவது, பொடி தின்றவை. மிச்சம் நாலும் எப்போதும் போல.

ஆகவே உன் பொடி பயனில்லாதது மட்டுமல்ல, கெடுதலும்கூட. உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன்.

சிவப்புப் பூசியது ஆறுக்கு, இருப்பது இரண்டுக்குத்தானே என்று கேட்பாய். உன் புத்தி அப்படித்தான் போகும். நடுவில் இரண்டு நல்ல மழை பெய்தது. நாலு மாட்டில் பெயிண்ட் கரைந்து போயிருக்கும். கேட்டுக்கு அடித்தது மட்டும் ஏன் கரையவில்லை என்று கேட்காதே, கேட் மேய்வதில்லை.

பொடி வைப்பதில் குறை சொல்ல முடியாது. முதல் நாலு நாள் சிவப்பு முதுகுகளைப் பிரித்துக் கொட்டகைக்கு ஓட்டி வந்தேன். அப்புறம் டப்பாவைத் தட்டினால் அதுகளே வரப் பழகிவிட்டன. இடுப்பு வலியோடு உள்ளே போய்க் குனிய முடியவில்லை, அதனால் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றபடியே தொட்டியில் கவிழ்த்துவிடுவேன். ஆறு மூஞ்சி வரிசையாக இருக்கிறதா என்று தினமும் எண்ணுவேன். ஒரு நாளும் குறைந்ததில்லை.

சின்னவளுக்கு நாள் நெருங்குகிறது. மடி மட்டும் இன்னும் இறங்கவே இல்லை. நாள் கணக்கில் நான்தான் தப்பு செய்திருப்பேன் என்று நினைக்கிறேன். கொஞ்சம் மூச்சு வாங்குகிறாள். வெயிலுக்காக இருக்கும்.

நான் ஜெயித்துவிட்ட செய்தியைச் சொல்ல வீட்டில் ஆளில்லை. பால்காரரிடம் சொன்னேன், "அப்படியா" என்று பால் கேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். முட்டை பொரித்துத் தின்றுவிட்டுப் பகலில் கொஞ்சம் படுத்தேன். தூக்கம் வரவில்லை. நீ தோற்றுப்போய் எதிரே உட்கார்ந்திருந்தால்தான் ஜெயித்த மாதிரி இருக்கும் போலிருக்கிறது. என்றைக்கு வருகிறாய் என்று எழுது. ஞாயிற்றுக்கிழமை என்றால் நல்லது, வீட்டைக் கழுவி வைக்க அவகாசம் கிடைக்கும்.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று எழுதவில்லை. எழுது.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்

3

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

உன் கார்டு வந்தது. ஆறு வாரத்துக்குப் பிறகு உன் கையெழுத்தில் ஒரே ஒரு வரி. 'கம்பத்தில் இருக்கும் சிவப்பை விரலால் தொட்டுப் பாருங்கள்.' அன்பு இல்லை, நலம் இல்லை, கீழே கையெழுத்துக்கூட இல்லை.

தொட்டுப் பார்த்தேன். முடி.

கொத்துக் கொத்தாக மாட்டு முடி, நுனியெல்லாம் சிவப்புப் பெயிண்ட். ஒவ்வொரு கம்பமாகப் போய்ப் பிய்த்து எடுத்தேன். பட்ட மரத்திலும் எடுத்தேன். பால் வாளியில் முக்கால்வாசி சேர்ந்துவிட்டது. வாளியைக் கையில் வைத்துக்கொண்டு வேலியோரமே உட்கார்ந்துவிட்டேன். பொடி தின்ற மாடுகளுக்குப் பழைய முடி கொட்டியிருக்கிறது. முடியோடு சேர்ந்து என் அடையாளமும் கொட்டியிருக்கிறது. உடம்பு தேறினவை எல்லாம் கம்பத்தில் உரசி உரசி என் பெயிண்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போயிருக்கின்றன. நான் நோட்டுப் போட்டு அதையெல்லாம் பொடி தின்னாத கணக்கில் எழுதியிருக்கிறேன்.

அப்போதும் எனக்கு ஒரு சந்தேகம். சிவப்போடு நிற்கும் இரண்டும் பொடி தின்றவைதானே, அதுகளுக்கு ஏன் தேறவில்லை? உன்னிடம் கேட்க முடியாது, ஆகவே முதல் தடவையாகச் சுவரைச் சுற்றிப் போய்க் கொட்டகைக்குள் பின்பக்கமாக நின்று பார்த்தேன். டப்பாவைத் தட்டியதும் நான் சிவப்பே பூசாத கூட்டத்திலிருந்து முட்டுக்காரியும் அவள் கூட்டாளியும் வந்து, சிவப்பு முதுகோடு நின்ற அந்தச் சாதுக்கள் இரண்டையும் விலாவில் ஒரு இடி இடித்துத் தள்ளிவிட்டுத் தொட்டியில் தலையை விட்டன. ஐந்தாம் நாளிலிருந்தே இப்படித்தான் நடந்திருக்க வேண்டும். சாதுக்கள் கொஞ்ச நேரம் வாசலில் நின்றுவிட்டுக் குட்டைக்குப் போய்விட்டன. நான் ஆறு வாரமும் மூஞ்சியை எண்ணியிருக்கிறேன். எந்த மூஞ்சி என்று பார்க்கவில்லை.

இதை எழுதும்போது நீ சிரிப்பது தெரிகிறது. சிரி. உன் தங்கைக்கும் சத்தமாகப் படித்துக் காட்டு. ஆனால் அடுத்து எழுதுவதற்குச் சிரிக்க முடியாது.

சின்னவள் போன திங்கட்கிழமை காலை கன்று போட்டாள். பெண் கன்று. தாய்க்கும் கன்றுக்கும் உயிருக்கு ஒன்றுமில்லை, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் மடியில் பால் இல்லை. காலியான தோல்பை மாதிரி தொங்குகிறது. கன்று முட்டி முட்டிப் பார்க்கிறது, இவள் திரும்பித் திரும்பி என்னைப் பார்க்கிறாள். நீ 'சின்னவளுக்கு முதல்ல' என்று எழுதியிருந்தாய். நான் அவளை வேண்டுமென்றே எடுத்து அந்தப் பக்கம் விட்டேன். சோதனைக்காக என்று உனக்கு எழுதினேன். அது பொய். உன் மேல் இருந்த கோபத்தை அவள் மேல் காட்டினேன். அந்த வாயில்லாத ஜீவனிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றேன். அழுகை வந்துவிட்டது. பால்காரர் பார்த்துவிட்டார்.

பால்காரர்தான் முந்தின நாள் மாடு கன்று போட்டிருந்த ஒரு வீட்டிலிருந்து சீம்பால் வாங்கி வந்தார். புட்டியில் ஊட்டினேன். முதல் புட்டி என் சட்டையில்தான் பாதி போனது. இப்போது நன்றாகக் குடிக்கிறது. குடித்து முடித்ததும் என் கட்டை விரலை இழுத்துச் சப்புகிறது. விரல் ஊறிப்போய் இந்தக் கடிதத்தின் எழுத்துக் கோணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள்.

டாக்டரம்மாவிடம் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டிய சொற்களை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். போன இடத்தில் அவர் ஒரு மாட்டுக்குப் பின்னால், தோள் வரைக்கும் உறை மாட்டி, கையை உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்த பிறகு சொல்லலாம் என்றால் எனக்குத் தைரியம் போய்விடும். "அன்னைக்கு நான் பேசினது தப்பு" என்று அவர் முதுகைப் பார்த்து ஆரம்பித்தேன். திரும்பாமலே, "அந்த வாலைக் கொஞ்சம் ஒதுக்கிப் பிடிங்க" என்றார். பிடித்தேன். மிச்ச மன்னிப்பையும் வாலைப் பிடித்துக்கொண்டேதான் கேட்டேன். அது இரண்டு தடவை என் மூஞ்சியில் அடித்தது. எல்லாம் முடிந்து கை கழுவும்போது, "உங்க வீட்டம்மாதான் எனக்கு முதல்ல சொன்னது. எந்த மாடு எத்தனை நாளா குட்டையில நிக்குது, எது எப்போ கால் தாங்க ஆரம்பிச்சதுன்னு மூணு வருஷமா குறிச்சு வச்சிருந்தாங்க. நான் அதைப் பார்த்துத்தான் கண்டுபிடிச்சேன், புத்தகத்தைப் பார்த்து இல்லை" என்றார்.

நீ குறித்து வைத்தது எனக்குத் தெரியாது. எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். கடைச் சாமான் எழுதுகிறாய் என்று நினைத்தேன்.

அவர் சொன்னபடி இப்போது செய்வது இவை. பொடி விஷத்துக்கு மருந்தில்லையாம், மாடு தாங்கிக்கொள்ள ஒரு துணைதானாம். அதனால் பொடி மட்டும் போதாது. புல்லில் கதிர் வந்தால் அதில்தான் விஷம் அதிகம் என்பதால் கதிரை எல்லாம் வெட்டித் தள்ளிவிட்டேன். பன்னிரண்டு பேருக்கும் பொடி. சாதுக்கள் இரண்டுக்கும் சின்னவளுக்கும் தனித் தொட்டி, பக்கத்தில் தடியோடு நான். முட்டுக்காரி என்னை முறைக்கிறாள். மேல் வயலை உழுதுவிட்டேன். பதினோரு வருஷப் பச்சை ஒரே காலையில் மண்ணாகிவிட்டது. டிராக்டர்காரர் நடுவில் நிறுத்தி, "பச்சைக்காரரே, நிஜமாத்தான் சொல்றீங்களா" என்று கேட்டார். ஓட்டு என்றேன். பார்க்க முடியாமல் முதுகைத் திருப்பிக்கொண்டேன், ஆனால் ஓட்டு என்றுதான் சொன்னேன். கீழ் வயல் அடுத்த வருஷம். பால் நிலையத்தில் வரிசையில் நின்ற ஒன்பது பேரிடமும் என் புல் விஷப் புல், என் பெண்டாட்டி சொன்னது சரி என்று சொல்லிவிட்டேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன். பக்கத்து நிலத்துக்காரரிடம் வாளியைக் காட்டி மன்னிப்புக் கேட்டேன். அவருக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துவிட்டது.

சின்னவளுக்கு நேற்று மடியில் கொஞ்சம் பால் தென்பட்டது. ஒரு டம்ளர்கூடத் தேறாது. டாக்டரம்மா நிச்சயமாக ஒன்றும் சொல்லவில்லை, பார்க்கலாம் என்கிறார். நல்லதை மட்டும் எழுதி உன்னை வரவழைக்க ஒரு நிமிஷம் ஆசை வந்தது. உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னாயே, இதுதான் உள்ளது.

மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்று மூன்று வருஷம் சொன்னாய். நடுவே இரண்டு தடவை உனக்கு உடம்புக்கு முடியவில்லை என்றும் சொன்னாய். அதையும் நான் வெயில் என்றேன். இப்போது வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று போன கடிதத்தில் கேட்டேன், நீ பதில் எழுதவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் நான் அதைக் கேட்டது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். நீ நம்பாமல் இருந்திருக்கலாம்.

நீ முடிவு பண்ணிக்கொள்வதாக எழுதியிருந்தாய். முடிவை நான் சொல்ல முடியாது. ஆனால் நீ வந்தால் திட்டுவாய் என்று தெரியும். திட்டு. எல்லார் முன்னாலும் திட்டு, அன்றைக்கு நின்ற ஆட்களையே திரும்பக் கூப்பிட்டு நிறுத்துகிறேன். ஒரு வாரம் நான் வாயே திறக்க மாட்டேன். எட்டாம் நாளுக்கு உத்தரவாதம் கொடுக்க முடியாது, என் குணம் உனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கும் நீ சொல்லி முடித்துவிட்டாயா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டுதான் பேச ஆரம்பிப்பேன்.

நீ எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும். இங்கே இருந்து நன்றாக இருந்தால் எனக்கும் நல்லது.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்